சொல்லுக்கும் கொள்முதல் ரசீது வேண்டும்

மதியம் இரண்டு மணிக்கு மேல் நான்கு மணி வரை கடைத்தெருவில் வியாபாரம் மந்தம் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. பேச்சு வளர்வது அந்த நேரத்தில்தான். பக்கத்துக் கடைக்காரர் வந்து உட்காருவார். லாரிக்குக் காத்திருக்கும் தரகர் வருவார். வெற்றிலை மடிப்பதற்குள் ஒரு பழமொழிக்கு விளக்கம், ஓர் ஊர்ப் பெயருக்குக் காரணம், ஒரு சிரிப்புக் கதை என்று மூன்றும் வந்து விழும். கேட்டவர் அதை அடுத்த கடையில் போய்ச் சொல்வார். கைபேசி வந்த பிறகு, பாப்பாரப்பட்டியில் காலையில் சொன்னது மாலைக்குள் சிங்கப்பூர் வரை போய், வேறு யாரோ சொன்னதாக நமக்கே திரும்பி வருகிறது.

பேசுவதில் தவறில்லை. ஆனால் நம்மிடம் ஒரு குறை இருக்கிறது. புளி வாங்கினால் புதுசா பழசா, கொட்டை எடுத்ததா எடுக்காததா என்று கையில் பிடித்துப் பார்த்து, ஒரு சுளையை வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் தராசில் ஏற்றுகிறோம். துவரம்பருப்பு மூட்டையைக் குத்திப் பார்த்து, கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று சோதிக்கிறோம். ரசீது இல்லாத சரக்கைக் கிடங்கில் இறக்க விடுவதில்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒருவர் கதை சொன்னால் மட்டும், அவர் யாரிடம் வாங்கினார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக் கொள்கிறோம். வாங்கியதை அப்படியே நாலு பேருக்கு விற்றும் விடுகிறோம்.

இதை மற்றவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. முதல் குற்றவாளி நாமே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகர் கூட்டத்தில் நம்மைப் பேச அழைத்தார்கள். “வெள்ளைக்காரன் ரொக்கத்துக்குச் சொல்லும் ‘கேஷ்’ என்ற வார்த்தையே நம்முடைய ‘காசு’தான். உலகத்துக்கே பணம் எண்ணக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்” என்று முழங்கினோம். கைத்தட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பந்தியில் உட்கார்ந்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பக்கத்து இலையில் இருந்தார். “பேச்சு நல்லா இருந்ததுங்க. அந்தக் காசு விஷயத்தை மட்டும் அகராதி பார்த்துட்டுச் சொல்லியிருக்கலாமுங்க” என்றார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அவர் வீட்டுக்கே போய்ப் பெரிய ஆங்கில அகராதியைப் பார்த்தோம். அதில் ‘கேஷ்’ என்று ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் வழங்குவது, பணப் பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியாக வந்தது. கிழக்கு நாடுகளில் புழங்கிய சிறு செப்புக் காசைக் குறிப்பது இன்னொன்று. அது நம்முடைய ‘காசு’ என்ற சொல்லைப் போர்ச்சுக்கீசியர் தங்கள் வாயில் போட்டு உருட்டி ஆங்கிலேயருக்குக் கொடுத்தது. ஆக, நாம் சொன்னதில் ஒரு பங்கு உண்மை, மூன்று பங்கு கலப்படம். கலப்படச் சரக்கை மேடையில் நின்று விற்றிருக்கிறோம்.

அந்த ஆசிரியர் நம்மை வெறுங்கையோடு அனுப்பவில்லை. “பெருமைப்பட ரசீதோட ஒரு சொல் வேணுமானா, உங்க கடைக்குப் பின்னாலயே இருக்குதுங்க” என்றார். நாம் எல்லோரும் இன்று ‘குடோன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது ‘கோடவுன்’. ஆங்கிலேயர் அதை மலாய்க்காரர்களிடம் வாங்கினார்கள். அங்கே அது ‘குடாங்’. மலாய்க்காரருக்கு அது போனது தமிழ், தெலுங்கு வணிகர்களிடமிருந்து என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். தமிழில் அது ‘கிடங்கு’. நம் முன்னோர் கப்பலில் ஏற்றி அனுப்பிய சொல், இரண்டு கை மாறி, உருமாறி நம்மிடமே இறக்குமதி ஆகியிருக்கிறது. நாம் அதை அந்நியச் சரக்கு என்று நினைத்து வாங்கி வைத்திருக்கிறோம்!

கொடுத்தது போல வாங்கியதும் உண்டு. அதை ஒப்புக்கொள்வதில் வியாபாரிக்கு வெட்கம் கூடாது. கடையைத் திறக்கும் சாவி, கணக்கு நோட்டு வைக்கும் அலமாரி, எண்ணெய் வந்த பீப்பாய், மண்டியில் கூவும் ஏலம் ஆகிய நான்கும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொற்கள். பாக்கி, வசூல், ஜமா ஆகியவை அரபு மொழியில் பிறந்து உருது வழியாக நம் பேரேட்டில் குடியேறியவை. ஒரு மளிகைக் கடையின் பேச்சை எடுத்து உதறினால் பாதி உலகம் கீழே விழும். எத்தனை ஊர்க்காரரோடு நாணயமாகக் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறோம் என்பதற்கு அது சாட்சி.

இனி ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். நம் தருமபுரி மாவட்டத்துச் சரக்கு வண்டிகள் பெரும்பாலும் போய் நிற்பது பெங்களூரில்தான். அந்த ஊர்ப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது, அதுவும் மளிகைச் சாமான் சம்பந்தப்பட்டது. வேட்டைக்குப் போன வீரவல்லாளன் என்ற ஒய்சள மன்னன் காட்டில் வழி தவறினானாம். பசியோடு வந்தவனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்தாளாம். வெந்த பயறுக்குக் கன்னடத்தில் ‘பெந்த காளு’. அதனால் ‘பெந்தகாளூரு’, அதுவே பெங்களூரு என்பது கதை. கேட்க இனிமையாக இருக்கிறது. பயறு விற்கிற நமக்கு இன்னும் இனிமை.

ஆனால் ரசீதைக் கேட்டால் கதை நிற்கவில்லை. கதையில் வரும் இரண்டாம் வீரவல்லாளன் ஆண்டது 1173 முதல் 1220 வரை. பெங்களூருக்குத் தெற்கே பேகூரில் நாகேசுவரர் கோயிலில் ஒரு நடுகல் கல்வெட்டு இருக்கிறது. அதன் காலம் சுமார் 890. பெங்களூரில் நடந்த சண்டையைப் பற்றி அதிலேயே எழுதியிருக்கிறது. மன்னன் பயறு சாப்பிடுவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. சரக்கு வந்த தேதிக்கு முன்னாலேயே விற்பனை எழுதியிருந்தால் அந்தக் கணக்கை நாம் ஒப்புக்கொள்வோமா?

நம் பக்கத்துக் கதையும் ஒன்று கேளுங்கள். மாரண்டஅள்ளி போலவே ‘அள்ளி’ என்று முடியும் ஊர்கள் நம் மாவட்டம் முழுவதும் இருக்கின்றன. ஒரு தரகர் நம் மண்டியில் உட்கார்ந்துகொண்டு, “தகடூரை ஆண்ட அதியமான் ஏழை எளியவருக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தானுங்க. அவன் அள்ளிக் கொடுத்த இடமெல்லாம் அள்ளின்னு ஆச்சுங்க” என்றார். இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர் என்பதும், அதியமான் வள்ளல் என்பதும் உண்மைதான். உண்மையான இரண்டு மூட்டைக்கு நடுவில் ஒரு பதர் மூட்டையும் சேர்ந்து இறங்கிவிட்டது.

உண்மை இதைவிடச் சுவையானது. பழைய கன்னடத்தில் சொல்லுக்கு முதலில் இருந்த ‘ப’ ஒலி காலப்போக்கில் ‘ஹ’ ஆயிற்று. நம் பால் அங்கே ஹாலு, நம் பல் அங்கே ஹல்லு. அப்படியே பள்ளி என்பது ஹள்ளி ஆயிற்று. சிற்றூர் என்று பொருள். கன்னடமும் தமிழும் கலந்து வாழும் நம் பக்கத்தில் அந்த ஹள்ளிதான் அள்ளி என்று வழங்குகிறது. நல்லம்பள்ளியில் பள்ளியாகவும் மாரண்டஅள்ளியில் அள்ளியாகவும் இருப்பது ஒரே சொல்தான். ஒகேனக்கல்லும் அப்படியே. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை; புகையும் கல் என்பது பொருள். அருவி விழும்போது பாறைக்கு மேல் எழும் நீர்த்திவலையைப் பார்த்தவருக்கு இதற்கு வேறு ரசீது தேவையில்லை. இரண்டு மொழிக்காரர் ஒரே சந்தையில் நின்று வாங்கி விற்ற வரலாறு ஊர்ப் பெயரிலேயே இருக்கும்போது, அள்ளிக் கொடுத்த கதை எதற்கு?

அடுத்தது நம் கடைகளில் தொங்கும் பலகை. “இன்று ரொக்கம், நாளை கடன்” என்பதைத் தெரியாதவர் இல்லை. நாளைக்கு வந்தாலும் பலகை அதையேதான் சொல்லும் என்பது அதிலுள்ள நகைச்சுவை. இதை முதலில் எழுதி மாட்டியது தங்கள் தாத்தாதான் என்று சொன்ன மூன்று கடைக்காரர்களை நமக்குத் தெரியும். மூன்று பேரும் மூன்று ஊர். ஆனால் இதே பலகை வடநாட்டுக் கடைகளில் இந்தியில் தொங்குகிறது. இத்தாலியில் இத்தாலிய மொழியிலும், ஸ்பெயினில் ஸ்பானிய மொழியிலும் இன்று கடன் இல்லை, நாளை உண்டு என்றே தொங்குகிறது. கடன் கேட்பவரை மனம் நோகாமல் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம் எந்த நாட்டுச் சில்லறைக் கடைக்காரருக்கும் உண்டு. அவசியம் ஒன்றாக இருந்தால் சிரிப்பும் ஒன்றாகத்தான் இருக்கும். இன்று அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே கைபேசியில் பணம் அனுப்பும் கியூஆர் அட்டையும் ஒட்டியிருக்கிறது. பணம் மாறியது, கடன் கேட்பது மாறவில்லை.

இதுவரை கதையைச் சந்தேகிக்கச் சொன்னோம். இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. உண்மையான பொருள் உள்ள பழமொழிகளே நம் கண் முன்னால் செத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பல நம் தொழிலில் பிறந்தவை.

எங்கள் மண்டியில் வேலை பார்க்கும் பையன் பிளஸ் டூ படித்தவன், கெட்டிக்காரன். ஒருநாள் அவனும் இன்னொருவனும் மூட்டை அடுக்கும் இடத்துக்காகச் சண்டை போட்டார்கள். “உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா?” என்று அதட்டினோம். “உழக்குன்னா உலக்கைங்களா முதலாளி?” என்று கேட்டான். சிரிப்பு வந்தது, கூடவே திடுக்கிட்டது. படி அளந்து வளர்ந்த தெருவில் உழக்கு தெரியாத பிள்ளை வந்துவிட்டான். அவன் மேல் குற்றமில்லை. அவனுக்கு நாம் காட்டவில்லை.

எங்கள் தகப்பனார் காலத்து இரும்புப் பூண் போட்ட படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் கிடங்கின் மூலையில் கிடந்தன. எடுத்துத் துடைத்து அவன் முன்னால் வைத்தோம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. உருண்டையான அந்தச் சின்ன உழக்கைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தவன், “இதுல கிழக்கு எது, மேற்கு எதுன்னு சொல்றதுங்க!” என்று தானே சிரித்தான். ஓர் ஆழாக்கு அரிசியை அளந்து தட்டில் கொட்டினோம். ஓர் ஆளுக்கு ஒரு வேளைச் சோறு. “ஆழாக்கு அரிசி அன்னதானமாம், விடிய விடிய மேளதாளமாம்” என்றோம். விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அவனே நாலு பேருக்குச் சொல்லப் போய்விட்டான்.

எடைக் கணக்கும் இப்படித்தான். மூன்று தோலா ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. 1956இல் சட்டம் வந்து, 1958 முதல் கட்டம் கட்டமாகக் கிலோ புகுந்தது. எங்கள் தகப்பனார் அதன் பிறகும் கடைசிவரை மணங்கிலேயே மனக்கணக்குப் போட்டுக் கிலோவில் எழுதுவார். நாணயத்தில் 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு புதுக்காசு. அதற்கு முன் பதினாறு அணா. அணா போன பிறகும் 25 காசை நாலணா என்றே சொல்லி வந்தோம். 2011 ஜூன் 30ஆம் நாளோடு அந்த நாணயமும் செல்லாததாயிற்று. இன்றும் “காலணா பெறாத விஷயம்” என்கிறோம். காலணாவைக் கண்ணால் கண்டவர்கள் விரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள்.

நம் தொழிலுக்கென்றே பிறந்தது போன்ற பழமொழி ஒன்று உண்டு: “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.” இதிலே வரும் பணம் பொதுவான பணம் அன்று, ஒரு நாணயத்தின் பெயர். சென்னையில் கும்பினிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று இருந்தது. 1818இல்தான் இந்த மாகாணத்துக்கு ரூபாய் நிலையான நாணயமாயிற்று. பிறகும் மக்கள் வாயில் இரண்டணா ஒரு பணமாகவே வழங்கியது. நாணயம் போய்விட்டது. அதன் பெயர் மட்டும் எல்லா நாணயத்துக்கும் பொதுப் பெயராக நின்றுவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு சொன்னால்தான் பழமொழியின் கணக்கு புரியும்: சரக்கின் விலையைப் போல் மூன்று மடங்கு கூலி. பாலக்கோட்டுத் தக்காளி விலை விழுகிற நாளில், பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாமல் விவசாயி தோட்டத்திலேயே விட்டுவிடுவதைப் பார்க்கிறோமே, அதைத்தான் அன்றைய வியாபாரி ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறான்.

நம்மைப் புகழும் பழமொழியை மட்டும் பொறுக்கி எடுப்பதும் நேர்மையாகாது. “ஆதாயம் இல்லாமல் செட்டி ஆற்றோடு போவானா?” என்று ஒன்று இருக்கிறது. வெள்ளம் ஒருவனை அடித்துக்கொண்டு போகும்போதுகூட, வியாபாரி என்றால் ஏதோ லாபத்துக்காகத்தான் போகிறான் என்று கரையில் இருப்பவன் நினைப்பானாம். கேட்கும்போது சுருக்கென்று தைக்கத்தான் செய்கிறது. வெங்காயம் விலை ஏறினால், மழையும் வரத்துக் குறைவும் காரணமாக இருந்தாலும், பதுக்கிவிட்டார்கள் என்று நம்மைத்தானே முதலில் சொல்கிறார்கள்? இந்தப் பழமொழிக்கு நமக்குச் சாதகமாகப் புதுக் கதை ஒன்று கட்டிப் பரப்பலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றோம். இப்படி ஒரு சொல் பிறக்க நம்மில் சிலருடைய தராசும் காரணமாக இருந்திருக்கும். அதைக் கதையால் அழிக்க முடியாது. எடையைச் சரியாகப் போட்டு, விலையைப் பலகையில் எழுதி வைத்துத்தான் அழிக்க வேண்டும்.

இதே போலத்தான் இப்போது வாட்ஸ்அப்பில் ‘உண்மையான பழமொழி இதுதான்’ என்று நாளொரு திருத்தம் வருகிறது. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது தவறாம். வீட்டைக் குறிக்கும் அகம் என்ற சொல்தான் ஆறாகத் திரிந்துவிட்டதாம். இருக்கலாம். ஆனால் அப்படித்தான் இருந்தது என்று சொல்பவர், அந்த வடிவில் அச்சிட்ட பழைய புத்தகம் ஒன்றையாவது காட்ட வேண்டும். காட்டாதவரை அது யூகம். யூகத்தை யூகம் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. அசல் என்று முத்திரை குத்தி விற்றால் குற்றம். பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழியும் இருக்கிறது. பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் அச்சிட்டார். யென்சன் என்ற டென்மார்க் நாட்டுப் பாதிரியார் 1897இல் இன்னொரு தொகுப்பு வெளியிட்டார். நம் வீட்டுச் சரக்குக்கு இருப்புக் கணக்கு எழுதியவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். நாம் இனியாவது எழுத வேண்டாமா?

எழுதி வைப்பதன் பலனை நம் ஊரிலேயே காணலாம். வத்தலக்குண்டில் பிறந்த தியாகி சுப்பிரமணிய சிவா நம் பாப்பாரப்பட்டிக்கு வந்து பாரதாசிரமம் அமைத்தார். பாரத மாதா கோயிலுக்கு 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ஆம் நாள் சிவா இங்கேயே காலமானார். நூறாண்டு கடந்தும் ஆண்டும் நாளும் நம்மால் சொல்ல முடிவது, அன்றைக்கே யாரோ எழுதி வைத்ததால்தான். எழுதாமல் விட்ட செய்திக்கெல்லாம் இன்று ஆளுக்கொரு கதை.

ஆகவே நம் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொல்லுக்கோ ஊர்ப் பெயருக்கோ ஒருவர் கதை சொன்னால், சரக்குக்குக் கேட்கிற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாரிடம் வாங்கினீர்கள்? தேதி ஒத்து வருகிறதா? இதே சரக்கு வேறு ஊரிலும் கிடைக்கிறதா? மூன்றுக்கும் பதில் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால், ‘கதை என்று சொல்கிறார்கள்’ என்ற சீட்டு ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள். கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வேறு வேறு ரகத்தை ஒரே மூட்டையில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

இரண்டாவது, உங்கள் கடைப் பரணில் இருக்கும் பழைய பேரேடு, படி, எடைக்கல் எதையும் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். கடையில் மூத்தவர் யாரேனும் இருந்தால், அவர் வாயில் வரும் சொல்லை ஒரு நோட்டில் எழுதுங்கள். சொன்னவர், ஊர், ஆண்டு மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ஆசிரியர் குழு இடம் தந்தால் மாதம் ஒரு பக்கம் நம் இதழிலேயே வெளியிடலாம். எங்கள் மண்டியின் பழைய கணக்குப்பிள்ளைக்கு இப்படி நூறு சொல் தெரியும். நாளைக்குக் கேட்டுக் கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டோம். அவர் போய்விட்டார். பலகையில் எழுதிய அந்த ‘நாளை’ நம்மையும் ஏமாற்றிவிட்டது.

படியும் உழக்கும் இப்போது மூலையில் இல்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் துடைத்து வைத்திருக்கிறோம். சாமான் வாங்க வரும் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். அளந்து காட்டுகிறோம். உங்கள் கடைகளிலும் அப்படியே செய்யுங்கள்.